இரத்தக்குழாய் வயது 61 எண்டு துண்டு வருது, கிளினிக்கில என்ன சொல்றது?

ஒட்டுசுட்டான்_தாதி எழுதியது:

எச்.எல்.சி. (சுகவாழ்வு நிலையம்) கிளினிக்குகளில வேலை செய்யிற ஆக்களிட்டயும் டொக்டர்மாரிட்டயும் ஒரு விளக்கம் வேணும். ஊருக்குள்ள நடக்கிற மருத்துவ முகாம்களில இப்ப விரலில ஒரு கிளிப்பைக் கொழுவி, ஒண்டிரண்டு நிமிஷத்தில துண்டு அடிச்சுக் குடுக்கினம். “உங்கள் வயது 44, இரத்தக்குழாய் வயது 61” எண்டு அதில இருக்கும். சனம் அந்தத் துண்டோட கிளினிக்குக்கு வருது. சிலர் பயந்துபோய் வருகினம். சிலர் “என்ர குழாய் வயது 38 தான், பிறகேன் பிரஷர் குளிசை?” எண்டு குளிசையை விட்டுட்டு வருகினம். இரண்டாவது ஆக்களைப் பற்றித்தான் எனக்குக் கூடக் கவலை.

நாங்கள் பாவிக்கிற உலக சுகாதார நிறுவன நிற அட்டையில அதே 44 வயது ஆள் மஞ்சளில நிப்பார், 10 வருஷ இதய நோய் ஆபத்து 5 இலிருந்து 10 வீதத்துக்குள்ள. துண்டு பயப்படுத்துது, அட்டை ஆறுதல் சொல்லுது. எதை நம்புறது? இந்த வயது எப்படி வருது? கால் இழந்த ஆக்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற நிறை) போடேக்க என்ன செய்யிறது எண்டதும் தெரிய வேணும். எங்கட பக்கம் அப்பிடியான ஆக்கள் கன பேர்.

நாடித்துடிப்பு எழுதியது:

தங்கச்சி, ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் திரிகின்றன. ஒன்று கணக்குப் போட்டு எடுப்பது, மற்றது குழாயை அளந்து எடுப்பது. விரல் கிளிப் அளப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. அதைக் கருவிகள் தெரிந்தவர்கள் எழுதட்டும், நான் கணக்கைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் பிரமிங்ஹாம் (Framingham) இதய ஆய்வுக் குழு 2008இல் வெளியிட்ட ஆபத்துக் கணிப்போடுதான் இந்த வயது பரவலானது. ஒருவருக்கு அடுத்த 10 வருடத்தில் மாரடைப்பு, பாரிசவாதம், இதயச் செயலிழப்பு, கால் நாடி அடைப்பு போன்றவை வரும் ஆபத்து முதலில் கணிக்கப்படும். பிறகு அதே அளவு ஆபத்து உள்ள, மற்ற எல்லாம் சரியாக இருக்கிற ஓர் ஆளுக்கு எத்தனை வயது இருக்கும் என்று பார்க்கப்படும். அதுதான் குழாய் வயது. “மற்ற எல்லாம் சரி” என்பதற்கும் அளவு உண்டு: புகைப்பதில்லை, நீரிழிவு இல்லை, பிரஷர் குளிசை இல்லை, மேல் பிரஷர் 125, மொத்தக் கொலஸ்ட்ரோல் 180, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல்) 45. ஆக, இந்தக் கணக்கில் யாரும் குழாயைத் தொட்டே பார்க்கவில்லை.

ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். ஆண், வயது 48, சிகரெட் பாவனை உண்டு, மேல் பிரஷர் 145, குளிசை இன்னும் தொடங்கவில்லை, கொலஸ்ட்ரோல் 210, எச்.டி.எல். 38, நீரிழிவு இல்லை. ஆண்களின் அட்டவணையில் 45–49 வயதுக்கு 6 புள்ளி. சிகரெட்டுக்கு 4. குளிசை இல்லாமல் 140–159 பிரஷர் என்றால் 2. கொலஸ்ட்ரோல் 200–239 என்றால் 2. எச்.டி.எல். 35–44 என்றால் 1. மொத்தம் 15. அதற்கு நேரே ஆபத்து 21.6 வீதம், வயது 72.

சிகரெட்டின் 4 புள்ளியை மட்டும் எடுத்துவிடுங்கள். 11 வரும். ஆபத்து 11.2 வீதம், வயது 57. ஒரே ஒரு வரியில் பதினைந்து வருடம். இந்த வயதைக் கிளினிக்கில் சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்றால் அது இங்கேதான். “உங்களுக்கு 21 வீத ஆபத்து” என்றால் நூறில் 79 பேருக்கு ஒன்றும் வராதுதானே என்று ஆள் எழும்பிப் போய்விடுவார். 72 என்ற எண்ணுக்கு அப்படி ஒரு தப்பும் வழி இல்லை.

பெண்களுக்கு அட்டவணை வேறு. அதில் புகைத்தலுக்கு 3, நீரிழிவுக்கு 4. ஆண்களுக்கு நீரிழிவு 3 தான். நீரிழிவு பெண்ணின் இயல்பான பாதுகாப்பைக் கூடுதலாகப் பறித்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை மறந்து ஆண் அட்டவணையில் பெண்ணைப் பார்ப்பது அடிக்கடி நடக்கிற பிழை.

கனகராயன்குளம்_க எழுதியது:

டொக்டர், சிகரெட்டை இண்டைக்கு விட்டால் நாளைக்கு 57 ஆகிடுமா? சனம் அப்பிடித்தான் விளங்கும்.

நாடித்துடிப்பு எழுதியது:

இல்லை. அட்டவணைக்கு “இப்போது புகைக்கிறாரா” என்பது மட்டுமே தெரியும். உடம்பு இறங்கி வர வருடங்கள் எடுக்கும். நிறையப் புகைத்தவர்களைப் பற்றி அதே பிரமிங்ஹாம் தரவை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. விட்டு 5 வருடத்துக்குள், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட ஆபத்து 39 வீதம் குறைந்திருந்தது. ஆனால் ஒருபோதும் புகைக்காதவரின் மட்டத்துக்கு வர அதற்கும் கூடிய காலம் தேவைப்பட்டது. ஆகவே “விட்டால் இந்தப் பக்கம் இறங்கத் தொடங்கும்” என்று சொல்லுங்கள். திகதி போட்டுச் சொல்ல வேண்டாம்.

கணக்குச்_சேர் எழுதியது:

தங்கச்சி கேட்ட “எதை நம்புறது” என்ற கேள்விக்கு வருகிறேன். அட்டை சொல்வது, 10 வருடத்தில் வரக்கூடிய சாத்தியம் எத்தனை வீதம் என்று. வயது சொல்வது, சரியாக இருக்கும் ஆளோடு ஒப்பிட்டால் எவ்வளவு முந்தி ஓடுகிறார் என்று. 44 வயதில் சாத்தியம் எப்படியும் சிறிதாகத்தான் இருக்கும், ஏனென்றால் எல்லா ஆபத்துக் காரணிகளையும் விட வயதின் பாரம் பெரியது. அதே ஆள் தன் வயதுக்காரரை விடப் பதினைந்து வருடம் முந்தி ஓடிக்கொண்டும் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

பிரமிங்ஹாம் சமன்பாட்டைத் திறந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். அதில் எல்லாம் மடக்கையில் போகிறது. ஆணுக்கு வயதின் கெழு 3.061, புகைத்தலின் கெழு 0.6545. ஒன்றை மற்றதால் வகுத்து அடுக்கேற்றினால் 1.24 வரும். அதாவது சிகரெட் குழாய் வயதை 1.24ஆல் பெருக்குகிறது. நீரிழிவு 1.21ஆல். பிரஷர் 125 இலிருந்து 145 ஆனால் 1.10ஆல். டொக்டர் சொன்ன ஆளின் கொலஸ்ட்ரோல் ஏறக்குறைய 1.06ஆல், எச்.டி.எல். 1.05ஆல். எல்லாவற்றையும் பெருக்கினால் 1.51. 48ஐ அதால் பெருக்கினால் 72 முதல் 73 வரை. புள்ளி அட்டவணையும் அதைத்தான் சொன்னது. பெருக்கல் என்பதால், இருப்பது எல்லாம் சேரச் சேர ஒன்றை ஒன்று பெரிதாக்கும். ஒரு காரணியை எடுத்தாலும் இறக்கம் பெரிதாக இருப்பது அதனால்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம். அமெரிக்கத் தரவில் செய்த கணக்கை வன்னியில் போடலாமா என்று கேட்பார்கள். வீதத்துக்கு அது பெரிய பிரச்சினை, ஒவ்வொரு நாட்டின் அடிப்படை நோய் அளவு வேறு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் உலகத்தை 21 வலயமாகப் பிரித்துப் புதிய அட்டைகள் போட்டது. இலங்கை அதில் தென்கிழக்காசிய அட்டைக்குள் வரும், இந்தியாவின் அட்டைக்குள் அல்ல. இணையத்தில் எடுத்து அச்சடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். குழாய் வயதில் அடிப்படை அளவு சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வந்து வெட்டுப்பட்டுப் போகும். ஆகவே நாட்டுக்கு நாடு அது அவ்வளவாக ஆடாது. ஐரோப்பியக் கணிப்பிலும் கூடிய ஆபத்து நாடு, குறைந்த ஆபத்து நாடு இரண்டுக்கும் ஒரே குழாய் வயது வருவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சிகரெட்டோ நீரிழிவோ எங்கள் ஆட்களில் வேறு பலத்தில் வேலை செய்தால், அந்தப் பிழை வெட்டுப்படாது, உள்ளேயே இருக்கும்.

மருந்துமேசை எழுதியது:

வயதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவைக்கு ஒரு எச்சரிக்கை. இது தெரியாமல் கிளினிக்கில ஆக்களைக் குழப்பக் கூடாது.

அதே 48 வயது ஆளையே எடுங்கோ. சிகரெட்டை விட்டிட்டார், 57இல நிக்கிறார். இப்ப பிரஷருக்கு குளிசை தொடங்கிறோம், ஒழுங்காப் போடுறார், 145 இறங்கி 132க்கு வருது. நல்ல விஷயம். அட்டவணையில குளிசையோட 130–139 எண்டால் 3 புள்ளி. முந்தி 145க்கு 2 புள்ளிதான். மொத்தம் 11 இலிருந்து 12 ஆகுது, வயது 57 இலிருந்து 60க்கு ஏறுது. குளிசை போட்டுக் குழாய் கிழடாகிப் போச்சு எண்டுதான் அவர் விளங்கிக்கொள்ளுவார்.

ஏன் இப்பிடி? சமன்பாட்டில “குளிசை எடுக்கிறார்” எண்டது, இவருக்கு கன காலமாப் பிரஷர் இருந்திருக்கு, குழாய் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கு எண்டதுக்கான அடையாளம். குளிசை செய்யிற நன்மையை அது கணக்கெடுக்கேல்லை. குளிசையோட 125க்கு வந்தாலும் 2 புள்ளி இருக்கும், குளிசை இல்லாத 145க்குச் சமன். அதால இந்த வயதை ஒருக்காச் சொல்லலாம், மருந்து தொடங்க முதல். மருந்து வேலை செய்யுதோ எண்டு பார்க்கிறதுக்குப் பிரஷர் அளவு இருக்கு, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) இருக்கு. குழாய் வயதைக் கிளினிக் கொப்பியில மாதாமாதம் எழுதக் கூடாது.

ஒட்டுசுட்டான்_தாதி எழுதியது:

இதை நான் நினைச்சும் பார்க்கேல்லை. நன்றி அண்ணை. அப்ப அந்த விரல் கிளிப்?

கருவித்திருத்துநர் எழுதியது:

விரல் கிளிப் என்பது ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பின் உறவு. ஒளி விரலுக்குள் போய் வரும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு இரத்தம் ஏறி இறங்குகிறது என்று ஓர் அலை எடுக்கும். அந்த அலையின் இரண்டாம் வகையீட்டில் ஐந்து முனைகள் வரும். அவற்றின் உயர விகிதம் வயதோடு மாறும் என்பதை 1998இல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல கிளிப் கருவிகளின் அடிப்படை இந்த அலை வடிவம்தான். ஆயிரம் பேரின் சராசரியில் அது அழகாக வரும். தனி ஒரு ஆளில் பரம்பல் மிகப் பெரிது.

குழப்புகிறவை: விரல் குளிர்ந்திருந்தால் அலை சப்பையாகும். மின்விசிறிக்குக் கீழே இருத்தினாலே போதும். மருதாணி, நகப்பூச்சு ஒளியை மறைக்கும். வயல் வேலை செய்து காய்த்த விரல் நுனியில் சமிக்ஞை பலவீனம். கை ஆடினால், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் அலையே பிழை. உயரத்தைக் கேட்கும் கருவி என்றால், உயரத்தைப் பிழையாக அடித்தால் விடையும் பிழை. அதோடு, பல கருவிகள் ஆளின் வயதை முதலே கேட்டு உள்ளே எடுத்துக்கொள்கின்றன. பிறகு வெளியே வரும் வயதில் எவ்வளவு அளந்தது, எவ்வளவு அடித்துக் கொடுத்தது என்று பிரிக்க முடியாது. மேற்கையில் பட்டி கட்டி “நாடி விறைப்பு” சொல்லும் கருவிகளிலும் இதே பிரச்சினை உண்டு, அவற்றின் விடை பெரும்பாலும் வயதும் பிரஷரும்தான்.

உண்மையாக அளக்கும் முறை கழுத்து நாடிக்கும் தொடை நாடிக்கும் இடையில் துடிப்பு அலை ஓடும் வேகம். மகாநாடியின் சுவரில் மீள்தன்மை நார் வயதோடு உடையும், அந்த இடத்தைக் கொலாஜனும் சுண்ணாம்பும் பிடிக்கும், சுவர் விறைக்கும், அலை விரைவாக ஓடும். ஐரோப்பிய வல்லுநர்கள் 2012இல் செக்கனுக்கு 10 மீற்றரை எல்லையாக வைத்தார்கள். அளக்கும்போது கழுத்துக்கும் தொடைக்கும் நேரே உள்ள தூரத்தை 0.8ஆல் பெருக்க வேண்டும். நாடா 60 சென்ரிமீற்றர் என்றால் 48 என்று எடுக்க வேண்டும். அலை எடுத்த நேரம் 60 மில்லிசெக்கன் என்றால் வேகம் 8. நாடாவை வயிற்றின் மேடுக்கு மேலால் வளைத்து 64 என்று எடுத்தால் அதே ஆளுக்கு 8.5 வரும். நாடாவைத் தொய்யாமல் நேராகப் பிடிப்பது அவ்வளவு முக்கியம். அளக்கும் நேரத்தில் பிரஷர் கூடி இருந்தாலும் வேகம் கூடும், ஆகவே ஆள் படுத்து ஓய்வெடுத்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

முகாமில் வெய்யிலுக்குள்ளால் வந்தவரை வரிசையில் நிறுத்திவிட்டு விரலில் கொழுவும் கிளிப்பை இந்த அளவையோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது. 38 வந்தது என்று குளிசையை விடுகிறவர்களுக்கு நான் எழுத்தில் சொல்கிறேன்: அந்தத் துண்டு மருந்தை நிறுத்தும் அதிகாரம் உள்ள காகிதம் அல்ல.

செட்டிக்குளம்_பி.எச்.ஐ. எழுதியது:

எல்லாரும் நல்ல விளக்கம் தந்திருக்கிறியள். ஆனால் வன்னிக்கெண்டு ஒரு கேள்வி இருக்கு, அதை ஒருத்தரும் தொடேல்லை. சிறுநீரகம்.

பிரமிங்ஹாம் அட்டவணையில சிறுநீரகத்துக்கு ஒரு புள்ளியும் இல்லை. நிற அட்டையிலயும் அதுக்குக் கட்டம் இல்லை. எங்கட பக்கம், வடமத்திய மாகாண எல்லையை ஒட்டி, வவுனியாவிலயும் முல்லைத்தீவின்ர சில பகுதியிலயும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கு. அந்த நோயின்ர குணம் என்னெண்டால், ஆரம்பத்தில பிரஷர் ஏறாது. சிறுநீரில புரதமும் கனக்கப் போகாது, ஏனெண்டால் அடி விழுறது வடிக்கிற இடத்தில இல்லை, நுண்குழாய்களிலயும் அதைச் சுத்தியுள்ள இழையத்திலயும். அப்ப 50 வயது கமக்காரர் ஒருவர் வாறார். மெலிஞ்ச ஆள், பி.எம்.ஐ. 20, பிரஷர் 122, சிகரெட் இல்லை, சீனி இல்லை. அட்டையில பச்சை. குழாய் வயது போட்டால் அவற்ற வயதுதான் வரும். ஆனால் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய இரத்தக் கழிவு) 1.5. கணக்குப் போட்டால் வடிதிறன், அதாவது சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கிற அளவு, 56, அறுபதுக்குக் கீழ. அறுபதுக்குக் கீழ எண்டாலே இதய நோய் ஆபத்து ஏறத் தொடங்கியிட்டுது. குழாய்ச் சுவரில சுண்ணாம்பு படியிறதும் விறைக்கிறதும் சிறுநீரகம் பழுதாகிற ஆக்களில முந்தியே நடக்கும். ஆக, ஆபத்துள்ள ஆள்தான் பச்சையில நிக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின்ர வழிகாட்டியிலயும் சிறுநீரகம் பழுதான ஆக்களை அட்டையில பார்க்கத் தேவையில்லை, நேரா உயர் ஆபத்து எண்டு எடுக்கச் சொல்லியிருக்கு. ஏற்கெனவே மாரடைப்போ பாரிசவாதமோ வந்த ஆக்கள், கொலஸ்ட்ரோல் 320க்கு மேல உள்ள ஆக்கள், பிரஷர் தொடர்ந்து 160/100க்கு மேல நிக்கிற ஆக்களும் அப்பிடித்தான். ஆனால் கிரியற்றினின் பார்க்காமல் சிறுநீரகம் பழுது எண்டு எப்பிடித் தெரியும்? சிறுநீர்ப் பட்டியைத் தோய்ச்சுப் பார்த்து “புரதம் இல்லை” எண்டு விடுறது எங்கட பக்கத்துக்குப் போதாது. எச்.எல்.சி. பதிவிலயே அந்த ஊராக்களுக்குக் கிரியற்றினினையும் சேர்க்க வேணும் எண்டுறது என்ர உறுதியான கருத்து.

நாடித்துடிப்பு எழுதியது:

அண்ணை சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. மெலிந்தவர், வயது போனவர், கால் இழந்தவர் ஆகியோரில் தசை குறைவு, ஆகவே கிரியற்றினின் இயல்பாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துவிட முடியாது. அலகையும் பாருங்கள்: சில ரிப்போட்டுகளில் மைக்குரோமோலில் வரும். 88.4ஆல் வகுத்தால் மில்லிகிராம்.

ஒட்டுசுட்டான்_தாதி எழுதியது:

கால் இழந்த ஆக்களின்ர பி.எம்.ஐ. பற்றிச் சொல்லுங்கோ. நிற அட்டையின்ர இரத்தப் பரிசோதனை இல்லாத வகையில பி.எம்.ஐ. கட்டாயம் வேணும்.

இயன்மருத்துவம்_கிளி எழுதியது:

அக்கா, செயற்கைக் காலோட நிறுத்தால் காலின்ர நிறையும் சேரும், கழட்டிப்போட்டு நிறுத்தால் இல்லாத கால் கணக்கில இல்லாமல் போகும். ரெண்டும் பிழை. ஒற்றைக் காலில தராசில நிண்டு தடுமாறி விழுற ஆபத்தும் இருக்கு. ஆளைக் காலோட நிறுத்து, பிறகு செயற்கைக் காலைத் தனிய நிறுத்து, கழிச்சு எடுங்கோ.

பிறகு இழந்த பங்கைச் சேர்க்க வேணும். முழங்காலுக்குக் கீழ முழுக்க, பாதத்தோட சேர்த்து, உடம்பில 5.9 வீதம். இடுப்போட முழுக் கால் 16 வீதம். பாதம் மட்டும் 1.5. முழுக் கை 5, முன்னங்கையும் கையும் 2.3. கழிச்சு எடுத்த நிறையை, ஒண்டில இருந்து அந்தப் பங்கைக் கழிச்ச தொகையால வகுக்கிறது. 56 கிலோ, முழங்காலோட இல்லை எண்டால் 56ஐ 0.941ஆல வகுக்க 59.5 கிலோ. உயரம் 165 எண்டால் பி.எம்.ஐ. 20.6 எண்டு வந்தது 21.9 ஆகுது. தொடை நடுவில வெட்டுப்பட்ட ஆளுக்கு 5.9க்கும் 16க்கும் இடையில, மிச்சமிருக்கிற நீளத்தைப் பார்த்து எடுக்க வேணும்.

உயரத்தைச் செயற்கைக் கால் போட்டு நிமிர்ந்து நிக்கேக்க எடுங்கோ. ரெண்டு காலும் இல்லாத ஆளுக்கு ரெண்டு கையையும் விரிச்சு, நடுவிரல் நுனியில இருந்து மற்ற நடுவிரல் நுனி மட்டும் அளந்தால் உயரத்துக்குக் கிட்ட வரும்.

இதை விட முக்கியமானது, கால் இழப்பே ஒரு ஆபத்துக் காரணியா இருக்கக் கூடும். இரண்டாம் உலக யுத்தத்தில காயப்பட்ட அமெரிக்கப் படையினரைப் பற்றி 1980இல வந்த ஆய்வில, முழங்காலோடயோ அதுக்கு மேலயோ கால் இழந்த ஆக்களிலயும், ரெண்டு காலும் இழந்த ஆக்களிலயும் இதய நோயால இறக்கிறது கூடவா இருந்தது. நடை குறையிறது, வயிற்றில கொழுப்புச் சேர்றது, வெட்டுப்பட்ட நாடியில இரத்த ஓட்டம் மாறுறது எண்டு பல விளக்கம் குடுக்கினம். அட்டையில இதுக்கும் கட்டம் இல்லை. இந்த ஆக்களுக்கு இடுப்புச் சுற்றளவைக் கட்டாயம் எடுங்கோ. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டக் கூடாது.

மருந்துமேசை எழுதியது:

அட்டையோ அட்டவணையோ எதுவெண்டாலும் உள்ள போறது பிரஷர் எண். 138 எண்டால் 1 புள்ளி, 142 எண்டால் 2. 48 வயது ஆளின்ர அந்த 15 புள்ளி ஒண்டு கூடினாலோ குறைஞ்சாலோ நாலு வருஷம் ஆடும். அப்ப பிரஷர் எடுக்கிற விதத்தைக் கவனிக்க வேணும்.

சைக்கிளில நாலு கட்டை உழக்கி வந்த ஆளை வந்த கையோட இருத்தி எடுக்கக் கூடாது. ஐஞ்சு நிமிஷம், முதுகைச் சாத்தி, ரெண்டு பாதமும் நிலத்தில, காலுக்கு மேல கால் போடாமல். வாங்கிலில சாய இடமில்லாட்டில் சுவரோட சாத்திப் போடுங்கோ. அரை மணித்தியாலத்துக்குள்ள தேத்தண்ணி, சிகரெட், வெத்திலை கூடாது. சலம் அடக்கிக்கொண்டு இருக்கப்படாது. கையை மேசையில நெஞ்சு மட்டத்தில வைக்க வேணும். மடியில தொங்கவிட்டால் கை ஒவ்வொரு சென்ரிமீற்றர் கீழ போகவும் பிரஷர் எண் முக்கால் கூடும், பத்துச் சென்ரிமீற்றர் எண்டால் ஏழு எட்டு. எடுக்கேக்க “பிள்ளையள் சுகமோ” எண்டு கதை குடுக்கக் கூடாது, கதைச்சாலே பத்து வரைக்கும் ஏறும்.

கஃப் அளவு. எல்லாரும் தடிச்ச கையில சின்னக் கஃப் போட்டால் கூடக் காட்டும் எண்டதை மட்டும்தான் யோசிக்கினம். எங்கட பக்கம் மற்றப் பக்கமும் கன பேர். மேற்கைச் சுற்றளவு 22–26 சென்ரிமீற்றர் உள்ள மெலிஞ்ச ஆளுக்கு 27–34க்கான வழமையான கஃப்பைப் போட்டால் குறைச்சுக் காட்டும், பிரஷர் உள்ளவர் இல்லாத ஆளாப் போயிடுவார். நாடா ஒண்டை மேசையில வச்சிருங்கோ. ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் விட்டு ரெண்டு தரம் எடுத்துச் சராசரி போடுங்கோ.

கனகராயன்குளம்_க எழுதியது:

வெத்திலையோட புகையிலை போடுறவை “நான் புகைக்கிறதில்லை” எண்டு சொல்லுவினம். அட்டையில அப்ப அவைக்கு ஒண்டும் ஏறாதே?

நாடித்துடிப்பு எழுதியது:

ஏறாது, அதுதான் குறை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் புகையிலை மெல்லுபவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. பீடிக்கு அதையும் விடக் கூட. பீடி, சுருட்டு எல்லாம் புகைத்தல்தான், கட்டத்தில் “ஆம்” போடுங்கள். மெல்லும் புகையிலைக்கு அட்டையின் கட்டத்தை மாற்ற வேண்டாம், ஆனால் பக்கத்தில் எழுதி, அட்டை சொல்வதை விட ஆபத்துக் கூட என்று எடுத்துக்கொள்ளுங்கள். “வாயில் ஏதும் போடுவீங்களோ” என்று தனியாகக் கேட்டால்தான் வெளியில் வரும். குறிப்பாக அம்மாமாரிடம்.

லண்டன்_மருமகன் எழுதியது:

இங்கே பிரித்தானியாவில் பாவிக்கும் கியூரிஸ்க் (QRISK) இதய ஆபத்துக் கணிப்பில் மாமாவின் விபரங்களைப் போட்டுப் பார்த்தேன். இதய வயது வேறு எண் வருகிறது. மேலே உள்ள அட்டவணையோடு பொருந்தவில்லை.

கணக்குச்_சேர் எழுதியது:

பொருந்தாது தம்பி. ஒப்பிடும் “சரியான ஆள்” வேறு. கியூரிஸ்க்கில் அவருக்குப் பிரஷர் 125, பி.எம்.ஐ. 25, கொலஸ்ட்ரோலுக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதம் 4, இனமும் மாமாவின் இனமே. அதில் சிறுநீரக நோய்க்கு ஒரு கேள்வியும் உண்டு, அது நல்லது. கொலஸ்ட்ரோலை எந்த அலகில் போட்டீர்கள்? இங்கே ரிப்போட் மில்லிகிராமில் வரும், அங்கே மில்லிமோலில் கேட்பார்கள். 38.67ஆல் வகுக்க வேண்டும். 210 என்பது 5.4. தெரியாத பெட்டியை வெறுமையாக விட்டால் கணிப்பான் சராசரி எண்ணைத் தானே நிரப்பும், அதையும் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு கணிப்பானையே பாவியுங்கள்.

ஒட்டுசுட்டான்_தாதி எழுதியது:

கடைசியா, ஆளிட்ட எப்பிடிச் சொல்றது? பயப்படுத்தினால் அடுத்த கிளினிக்குக்கு வராமல் விட்டிடுவினம்.

நாடித்துடிப்பு எழுதியது:

சுவீடனில் வெஸ்டர்பொட்டன் மாகாணத்தில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களில் ஒரு சோதனை செய்து 2019இல் வெளியிட்டார்கள். 40, 50, 60 வயதுக்காரர். எல்லோருக்கும் கழுத்து நாடியை ஸ்கேன் செய்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் நாடியின் படத்தையும் குழாய் வயதையும் அனுப்பினார்கள், இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் ஒரு தாதி தொலைபேசியில் கதைத்து விளக்கினார். ஒரு வருடத்தின் பின் அந்தப் பாதியின் ஆபத்து குறைந்திருந்தது, மற்றப் பாதியில் கூடியிருந்தது. எண் தனியாகப் போகவில்லை, ஒரு தாதி அதோடு போனார் என்பதைக் கவனியுங்கள். முகாம் துண்டில் இல்லாதது அதுதான்.

எனது கருத்து: 35 முதல் 55 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். 70 வயது அம்மாவுக்கு “80க்கு மேல்” என்று சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “ஐயா, உங்களுக்கு 48. பிரஷரும் சிகரெட்டும் கொலஸ்ட்ரோலும் சேர்ந்து 72 வயது ஆளின்ர ஆபத்தை உங்களுக்குத் தந்திருக்கு. அதில சிகரெட்டின்ர பங்கு மட்டும் பதினைஞ்சு வருஷம்.” பிறகு கொஞ்சம் பேசாமல் இருங்கள். எதில் தொடங்கலாம் என்று அவரே சொல்லட்டும். மருந்து தொடங்குவதா இல்லையா என்பதை நிற அட்டையையும், கிரியற்றினினையும், சீனியையும் வைத்து டொக்டர் தீர்மானிப்பார். வயதை வைத்து அல்ல.

ஒட்டுசுட்டான்_தாதி எழுதியது:

சரி டொக்டர். துண்டோட வாற எல்லாருக்கும் பிரஷர் திரும்ப ரெண்டு தரம் எடுத்து, அட்டை பார்த்து, செட்டிக்குளம் அண்ணை சொன்ன மாதிரி கிரியற்றினினுக்கும் எழுதப்போறன். கூட வந்தால் உடன பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவோ?

செட்டிக்குளம்_பி.எச்.ஐ. எழுதியது:

2க்கு மேல எண்டால், அல்லது கால் வீக்கம், சலம் குறைவு எண்டால் உடன அனுப்புங்கோ தங்கச்சி. 1.3, 1.5 எண்டு வந்தால் ஒரு தரத்தை வச்சு நோயெண்டு சொல்லாதேங்கோ. அருவி வெட்டு நேரம் வெய்யிலில நிண்டு தண்ணி குடிக்காமல் வந்த ஆளுக்கு அப்பிடி ஏறும். நோவுக்குக் கடையில வாங்கிப் போடுற டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் போட்டாலும் ஏறும், அதைக் கேட்டு நிப்பாட்டுங்கோ. ஒண்டு ரெண்டு கிழமையில திரும்ப எடுங்கோ. மூண்டு மாதம் தாண்டியும் வடிதிறன் அறுபதுக்குக் கீழ நிண்டால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் எண்ட பேர். இரத்தம் எடுக்க முதல் நாள் இரவு இறைச்சி வேண்டாம், காலமை தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்லுங்கோ. கொலஸ்ட்ரோலும் எச்.டி.எல்.லும் மட்டும் எண்டால் வெறும் வயித்தோட வரத் தேவையில்லை.